இரண்டு பக்கமும் எதிர்க்காற்று

அந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் அவளிடம் மூன்று பதில் தயாராக இருக்கும். சாலை வழியாக என்றால் நானூற்று எழுபது கிலோமீட்டர். மலையைச் சுற்றிக்கொண்டு ஒன்பது மணி நேரம், வளைவுகளில் ஒருமுறையாவது வாந்தி. வானத்தில் நேர்கோடு போட்டால் இருநூற்று எண்பத்தாறு. கால அட்டவணைப்படி ஐம்பத்தைந்து நிமிஷம். "அம்பத்தஞ்சு நிமிஷமும் பறந்துகிட்டேவா இருக்கும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்கு உற்சாகம் வந்துவிடும். "பறக்குறது நாப்பத்தொண்ணுதாங்க. மீதியெல்லாம் தரையில உருள்றது, ஓரமா நிக்கிறது, கதவு திறக்குறது" என்று விளக்குவாள். கேட்டவர் பாதியில் நகர்ந்துவிட்டாலும் மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் தலையைக் குனிவாள்.

மூட்டை தூக்குகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நிமிஷக்கா. தகரக் கூரை போட்ட ஒற்றைக் கட்டடம், ஒரே ஓடுபாதை, நாற்பது நாற்காலி போட்ட கூடம், அதன் கோடியில் அவளுடைய அறை. ஜன்னல் ஓடுபாதையைப் பார்த்திருக்கும். மேஜை மேல் நேரத் தாள், சுவரில் கடிகாரம், பக்கத்தில் ஒரு தொலைபேசி. அதில் எண் எதுவும் சுழற்ற வேண்டாம். எடுத்தால் அந்தப் பக்கத்து நிலையத்தில் மணி அடிக்கும். சக்கரம் உருளாமல் அண்டை கொடுத்த கட்டையை எடுத்த நேரம், தரையை விட்ட நேரம், தரையைத் தொட்ட நேரம், இவற்றை எழுதி, விமானியிடம் கையெழுத்து வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் வேலை. இருபத்து மூன்று வருஷமாக அதையே செய்தாள். வாசலில் டீக்கடை போட்டிருப்பவர் தன் கடை கடிகாரம் நின்றுபோனால் அவளிடம் வந்து கேட்டுத்தான் முள்ளைத் திருப்புவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

தொலைபேசியின் அந்த முனையில் இதே வேலையைச் செய்தவனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவன் இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நடுங்கும் குரலில், "அக்கா, கிளப்பிட்டேங்க. சரியா கிளப்பினேனான்னு தெரியல" என்றான். "நீ கிளப்பலடா தம்பி, விமானிதான் கிளப்பினாரு. நீ நேரத்தை மட்டும் சொல்லு" என்றாள் இவள். அன்றிலிருந்து அக்கா, தம்பிதான்.

விமானம் அங்கே கிளம்பிவிட்டால் இங்கே இறங்கும் வரை இரண்டு பேருக்கும் வேலை இல்லை. நாற்பத்தொரு நிமிஷம் பேச்சுதான். பெண் பார்க்கப் போன கதை, கல்யாணம், முதல் குழந்தை, இரண்டாவது குழந்தை, மாமனாரின் வறட்டுக் கௌரவம், ஒழுகும் கூரை, எல்லாம் இவள் காதில் விழுந்த பிறகுதான் அவன் வீட்டில் நடக்கும் என்று சொல்லலாம். ஆனால் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் கிளப்பினால் ஒருவர் இறக்க வேண்டும்; இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருக்க வழியே இல்லை. லீவு கிடைத்தாலும் அந்த விமானத்தின் முகத்தில் விழிக்க இவளுக்கு மனசு வராது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை என்றால் நம்புவார்களா? நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

இனி அவர்களுக்குள் ஓடிய காத்துக் கணக்குக்கு வருவோம்.

விமானம் பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பினால், கிளப்பிய நிலையத்துக்காரர் எழுத்து மூலமாகக் காரணம் சொல்ல வேண்டும். அப்படி மூன்று சேர்ந்தால் மெமோ. தம்பிக்குக் காலையில் எழுந்திருப்பது என்றால் மலையைப் புரட்டுகிற மாதிரி. அவன் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் விமானி கிளம்புவார். பதினைந்து நிமிஷம் தாமதமானால் ஒன்பது என்று எழுதிவிடுவான். விமானி எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவர். அவருக்கு டீ ஆறிவிடும் கவலை. அப்புறம் இவளைக் கூப்பிடுவான். "அக்கா, ஒரு ஆறு நிமிஷத்தைக் காத்துல போட்டுடுங்களேன்."

இங்கே இறங்கிய நேரத்தை இவள் உள்ளபடிதான் எழுதுவாள். அதில் ஒரு வினாடி கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். ஆனால் அவன் எழுதிய நேரத்திலிருந்து பார்த்தால் நாற்பத்தொரு நிமிஷப் பயணம் நாற்பத்தேழு ஆகியிருக்கும் அல்லவா? அதற்குக் காரணம் எழுத வேண்டியது இறங்கிய நிலையம். குறிப்பு என்று போட்டிருக்கும் கட்டத்தில் இவள் ஒரே ஒரு சொல் எழுதுவாள்: எதிர்க்காற்று. ஆக, தப்பு அங்கே, கையெழுத்து இங்கே. காற்று வந்து இல்லை என்று சொல்லப்போகிறதா என்ன?

அவள் கணவர் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருந்தார். "நம்ம குடும்பமே காத்தை நம்பித்தான் பொழைக்குது. நான் அடிக்கிறேன், நீ எழுதுற" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "உன் தம்பிக்காக நீ எழுதுற. உனக்காக அவன் எத்தனை தடவ எழுதினான்?"

"எனக்குத் தேவைப்பட்டாத்தானே? நான் நேரத்துக்குப் போறவ" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போன வருஷக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த வருஷம் முதல் இரண்டு நிலையத்துக்கும் சேர்த்து நேரம் பார்க்க ஒரே ஆள் போதும். இரண்டு பேரில் யார் என்பதை வேலைப் பதிவைப் பார்த்து முடிவு செய்வார்கள். மற்றவருக்கு வேலை கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் வேறு எந்தக் கதவைத் தட்டுவது? அதைவிட, அந்த ஜன்னலும் தாளும் இல்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அன்று தம்பியும் அடக்கமாகத்தான் பேசினான். "யாருக்குக் கெடைச்சாலும் நமக்குள்ள மனஸ்தாபம் வரக்கூடாதுக்கா."

"வராதுடா" என்றாள். மனதாரச் சொன்னாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தக் காலை வந்தது. அவன் வழக்கம்போல ஆறு நிமிஷம் கேட்டான், இவளும் எதிர்க்காற்று என்று எழுதினாள். விமானம் திரும்பிக் கிளம்புகிற நேரத்தில் கூடத்துத் தொலைபேசியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கடையில் நெம்புகோல் நழுவிக் கணவரின் விரல் நசுங்கிவிட்டதாம். பதறிப்போய் விசாரித்துவிட்டு வருவதற்குள் விமானி தாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பதினேழு நிமிஷத் தாமதம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இவள் கேட்டாள். "தம்பி, எனக்கும் ஒரு எட்டு நிமிஷம்."

"இதெல்லாம் கேக்கணுமாக்கா?" என்றான் அவன். அங்கே இறங்கியதும் அவன் கட்டத்தில் எழுதினான்: எதிர்க்காற்று.

இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. இத்தனை வருஷம் காற்றையே கட்டி மேய்த்தவர்கள், காற்றுக்கு ஒரு திசை உண்டு என்பதை மறந்துபோனார்கள். தலைமை அலுவலகத்தில் இரண்டு தாளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டபோது, ஒரு மணி நேர இடைவெளியில் காற்று அங்கிருந்து இங்கேயும் இங்கிருந்து அங்கேயும் வீசியிருந்தது.

கேள்விக் கடிதம் இரண்டு நிலையத்துக்கும் ஒரே நாளில் வந்தது. ஒரே காலையில் இரு திசையிலும் எதிர்க்காற்று வீசியது எவ்வாறு, விளக்கம் தரவும். படித்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம்தான் வேலைப் பதிவு ஞாபகம் வந்தது. தொலைபேசியை எடுத்தாள்.

"தம்பி, பார்த்தியா? என்ன எழுதுறது?"

"பார்த்தேங்க்கா. நீங்க ஒண்ணும் எழுதாதீங்க. ரெண்டு பேரும் எழுதினா மாத்தி மாத்தி உளறிடுவோம். நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பதில் போட்டுடறேன்."

"என்னன்னு போடுவ?"

"நான் பார்த்துக்கறேன்கா. நீங்க நிம்மதியா இருங்க."

அவளும் நிம்மதியாக இருந்தாள். இருந்தாள் பாருங்கள், அதை நினைத்தால்தான் இப்போதும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வருகிறது. பதினோரு நாள், காலையும் மாலையும் பேசினார்கள். அடுத்த வாரத்தில் திங்கட்கிழமை ஒருமுறை, வியாழக்கிழமை ஒருமுறை அவன் காற்று கேட்டான். "இப்பதான் கடிதம் வந்திருக்கு, கொஞ்ச நாள் சும்மா இருக்கக் கூடாதாடா?" என்றாள். முதல் தடவை எரிபொருள் வண்டி தாமதம் என்றான், அடுத்த தடவை வீட்டில் ராத்திரி தூக்கமில்லை என்றான். எழுதிக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை, அதிகாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷர், சட்டைப் பையில் மூன்று பேனா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, காத்து அந்தப் பக்கமும் அடிச்சு இந்தப் பக்கமும் அடிச்சிருக்கே. நடுவுல விமானம் என்ன பண்ணுச்சு, யோசிச்சுகிட்டு நின்னுச்சா?" என்றார்.

தம்பி என்ன எழுதியிருப்பான் என்று தெரியாமல் எதையாவது சொல்லி அவனை மாட்டிவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்புத்தான் அவளுக்கு. "என் கவனக்குறைவுதாங்க. அன்னைக்கு வீட்டுக்காரருக்கு அடிபட்டுடுச்சு. அந்தப் பதட்டத்துல ஏதோ எழுதிட்டேன்" என்றாள்.

"அப்போ அவர் எழுதினது சரிதான்" என்று அதிகாரி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

தம்பியின் கையெழுத்து. தாளுக்குத் தாள் பார்த்துப் பழகியதுதான். சுழி ஒவ்வொன்றும் உருண்டையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது மாதிரி. கிளம்பும் நேரத்தைத் தான் எப்போதும் சரியாகவே எழுதிவருவதாகவும், இறங்கும் நேரத்தில் அந்த நிலையத்து அம்மையார் நிமிஷங்களைக் கூட்டிப் போட்டு எதிர்க்காற்று என்று எழுதுவது பல வருஷமாக நடப்பதாகவும், குறிப்பிட்ட அந்த நாளில் வயதில் மூத்தவர் தொலைபேசியில் சொன்னாரே என்ற மரியாதைக்காகத் தானும் ஒரே ஒருமுறை எழுதிவிட்டதாகவும் இருந்தது. கடைசி வரி: ஐயம் இருப்பின் வரும் வாரத்துத் தாள்களையும் பார்க்கவும். அதிகாரி திங்கட்கிழமைத் தாளையும் வியாழக்கிழமைத் தாளையும் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அவள் கையெழுத்து. எதிர்க்காற்று. எதிர்க்காற்று.

கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். நான் பார்த்துக்கறேன்கா என்று அவன் சொன்ன அதே நாள்.

"நாளைக்குக் காலை விமானத்துல அந்தப் பக்கம் வந்துடுங்கம்மா. ரெண்டு பேரையும் வச்சு விசாரிச்சு முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு அதிகாரி காருக்குப் போனார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மூன்றே காலுக்குத் தொலைபேசி அடித்தது. எடுக்காமல் இருக்க முடியுமா? விமானம் வருகிறதே.

"அக்கா, கிளப்பியாச்சு. மூணு பன்னெண்டு."

"மூணு பன்னெண்டு" என்று எழுதிக்கொண்டாள்.

"என்னக்கா, குரல் ஒரு மாதிரியா இருக்கு? சளி புடிச்சிருக்கா?"

அவள் வைத்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவனுக்கு முன்னால் அவள் தொலைபேசியை வைத்தது அன்றுதான்.

வீட்டில் கணவர் கட்டுப் போட்ட விரலோடு கேட்டுக்கொண்டிருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. அந்த மட்டில் நல்ல மனுஷர். "நாளைக்குப் போய் எல்லாத்தையும் போட்டு உடைச்சுடு. அவன் கேட்டுத்தான் எழுதினேன்னு சொல்லு."

"சாட்சிக்கு யாரு வருவா? அவன் போன்ல கேட்டான், நான் தாள்ல எழுதினேன். காகிதத்துல இருக்கிறதெல்லாம் நான்தான்."

"முதுகுல குத்திட்டான்."

"முதுகுல குத்தினா வலிக்கும்னாவது தெரியும். இவன் சளி புடிச்சிருக்கான்னு கேக்குறான்" என்றபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, நாளைக்குக் கட்டுவதற்குப் புடவை எடுத்து வைத்தாள்.

மறுநாள் அவள் இடத்தில் டிக்கெட் கவுண்டர் பெண்ணை உட்கார வைத்துவிட்டு அவள் விமானத்தில் ஏறினாள். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, "நிமிஷக்கா பறக்குறாங்கடோய்" என்று கை ஆட்டினார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. ஜன்னலோர இருக்கை. கீழே மலை தெரிந்ததையும் அவள் பார்க்கவில்லை. என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். அவன் கல்யாண நாளுக்கு மறுநாள் கேட்ட காற்று, பெரியவள் பிறந்தபோது கேட்டது, மாமனாரோடு சண்டை போட்டுவிட்டுத் தூங்கிப்போனபோது கேட்டது. அவள் பறந்த அன்று உண்மையிலேயே எதிர்க்காற்று. நாற்பத்து நான்கு நிமிஷம் ஆயிற்று.

அந்த நிலையம் இவளுடையதைப் போலவே இருந்தது, அறை மட்டும் இடது கோடியில். உள்ளே அதிகாரியும், மேஜைக்கு அந்தப் பக்கம் வழுக்கை விழுந்த, தொந்தி வைத்த ஒரு ஆளும் இருந்தார்கள். இவள் மனதில் வைத்திருந்த தம்பி ஒல்லியானவன். அவன் எழுந்து நின்று, "வாங்க மேடம்" என்றான். மேடம்! அந்தக் குரலில் அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

அதிகாரி கேட்டதற்கெல்லாம் அவன் நிதானமாகப் பதில் சொன்னான். இவள் பக்கம் திரும்பவில்லை. தாள்களைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டபோதெல்லாம் இவள் ஆமாம் என்றாள். வேறு என்ன சொல்வது, அவளுடையதுதானே. இந்த மாதிரி எழுதச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா என்று அவனைக் கேட்டார். ஒருமுறைகூட இல்லை என்றான். கண் இமைக்காமல் சொன்னான்.

"ரெண்டு பேருக்கும் தனிப்பட்ட முறையில பழக்கம் எப்படி?"

"பழக்கம்னு ஒண்ணும் கிடையாதுங்க சார். வேலை விஷயமா போன்ல பேசுவோம், அவ்வளவுதான். இவங்க முகத்தையே இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

அதிகாரி எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: முன்பழக்கம் இல்லை. பிறகு இவளைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்றதுன்னா சொல்லுங்கம்மா. இதோட முடிச்சுடலாம்."

வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். போன வியாழக்கிழமை, விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில், சின்ன மகள் காதுவலியால் விடிய விடியத் துடித்தாள் என்று அவன் குரல் உடைந்துபோய்ச் சொல்லியிருந்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் காற்று கேட்டான். இவளுக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. நேற்றுக் காலையும் மறுபடி வலி என்றான், டாக்டர் ஒருவரைச் சொன்னாள், பிற்பகலில் அதை விசாரிக்காமலே தொலைபேசியை வைத்துவிட்டாள்.

"சின்னவளுக்குக் காதுவலி நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"நின்னுடுச்சுக்கா. நீங்க சொன்ன டாக்டர்கிட்டயே காட்டினேன், சொட்டு மருந்து குடுத்தாரு, நேத்து ராத்திரிதான்கா அவ கொஞ்சம்..." என்று பாதி தூரம் போய்விட்டான். அப்புறம்தான் நின்றான்.

அதிகாரியின் பேனாவும் நின்றது. அவனைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், கடைசியாக எழுதிய வரியை ஒரே கோடாக அடித்தார். பிறகு, பத்தொன்பது வருஷத்துத் தாள்களையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

அவனைச் சிக்க வைக்கத்தான் அப்படிக் கேட்டாள் என்று பிற்பாடு பலரும் பேசினார்கள். பஞ்சர் கடைக்காரரே அப்படித்தான் நினைத்தார், அதில் அவருக்குப் பெருமை வேறு. அவள் இல்லை என்பாள். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது, கேட்டாள். நம்புகிறவர் நம்பட்டும்.

அந்த வேலை இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. இப்போது தலைமை அலுவலகத்திலேயே யாரோ திரையைப் பார்த்து எழுதுகிறார்கள். அவள் காலையில் கடைக்குப் போய்க் கணவரோடு உட்காருகிறாள், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்க்கிறாள். அவனும் வேலை இழந்தான் என்பதில் அவளுக்கு ஒரு திருப்தியும் இல்லை. அன்று அந்த அறையில் அவன் வாயிலிருந்து வந்த அக்கா பொய்யாக இருந்திருந்தால் தேவலை என்றுதான் தோன்றுகிறது. இத்தனை வருஷமும் நடித்தான் என்றால் திட்டித் தீர்த்து, தலை முழுகிவிட்டுப் போயிருக்கலாம். அவன் நடிக்கவில்லை. அக்கா என்று நினைத்துக்கொண்டேதான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறான்.